டெசராக்ட்டை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்தபோது காணாமல் போன ஹெடர் கோப்புகள்

பினாங்கின் சுங்கை நிபோங்கில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு மாமா இருக்கிறார். லெபோ பசார் பக்கம் இருந்த ஓர் அச்சகத்தில் இருபது ஆண்டுக்கு மேல் அச்சுக் கோத்தவர். அந்த அச்சகம் மூடிப் பல காலம் ஆகிவிட்டது. அவர் கையால் கோத்த கோயில் மலர்கள், இளைஞர் மன்ற ஆண்டு மலர்கள், நாடக நோட்டீஸ்கள் மட்டும் இரண்டு பெரிய பிஸ்கட் டின்களில் பத்திரமாக இருக்கின்றன. தீபாவளிக்கு முறுக்கு கொடுக்கப் போனபோது ஒரு டின்னைத் திறந்து காட்டினார். தாள் வெல்லப்பாகு நிறத்துக்கு வந்துவிட்டது. ஓரத்தைத் தொட்டால் விரலோடு வருகிறது.

"இதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்த முடியுமா மா?" என்று கேட்டார். முடியும் மாமா என்று சொல்லிவிட்டேன்.

வெறும் படமாக ஏற்றுவதென்றால் ஸ்கேனர் போதும். ஆனால் ஒரு பெயரைத் தட்டினால் அந்தப் பெயர் வரும் பக்கங்கள் எல்லாம் வர வேண்டும் என்பதுதான் எனக்கு ஆசை. அதற்கு ஓசிஆர், அதாவது படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்து உரையாக மாற்றும் மென்பொருள், வேண்டும். இலவசமாகக் கிடைப்பதில் தமிழைச் சுமாராக நன்றாகவே படிப்பது டெசராக்ட். 1980களின் நடுவில் ஹியூலட்-பேக்கார்டின் பிரிஸ்டல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய மென்பொருள் அது. 2005-இல் திறந்த மூலமாக வெளியிட்டார்கள், 2006 முதல் கூகள் பொறுப்பெடுத்து வளர்த்தது. 2018-இல் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்து நியூரல் நெட்வொர்க் கொண்டு வரி வரியாகப் படிக்கிறது.

என் மடிக்கணினியில் இருப்பது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம். அதில் மென்பொருள்களை நிறுவித் தரும் ஆப்ட் மூலம் கிடைப்பது டெசராக்ட் 4.1.1. எனக்கு 5-ஆம் பதிப்பு வேண்டியிருந்தது. என்னுடையது 4 ஜிபி நினைவகமும் இரண்டு கோரும் கொண்ட பழைய இயந்திரம். 5-ஆம் பதிப்பு கணக்கிடும் முறையை மாற்றி நினைவகத் தேவையைக் குறைத்திருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. மாமாவின் மலர்களில் இருப்பவை பழைய எழுத்துகள். 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு இருந்த வடிவங்கள்: துதிக்கை வைத்த ணை, லை, ளை, னை, சுழித்து எழுதிய ணா, றா, னா. டெசராக்ட்டுக்குத் தமிழ் படிக்கக் கற்றுத்தரும் மாதிரிக் கோப்பு (மாடல்) இவற்றில் தடுமாறுகிறது. அதற்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றால் பயிற்சிக் கருவிகளும் வேண்டும். சரி, இரண்டையும் மூலநிரலிலிருந்தே கம்பைல் செய்துவிடலாம், அதாவது மனிதர் எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவமாக நானே மாற்றிக் கட்டிவிடலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்தேன்.

கட்டளைகளையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். மாமாவும் இதைப் படிக்கக் கேட்டிருக்கிறார்.

முதலில் வழக்கமான ஏற்பாடு. சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்று போட்டு பில்ட்-எசென்ஷியல், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், பிகேஜி-கான்ஃபிக், கிட் ஆகியவற்றை நிறுவினேன். டெசராக்ட்டின் மூலநிரலை இறக்கி ஆட்டோஜென் ஓட்டி, அடுத்து, கட்டத் தேவையானவை எல்லாம் கணினியில் இருக்கின்றனவா என்று சோதிக்கும் கான்ஃபிகர் ஓட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நின்றுவிட்டது. லெப்டோனிக்கா 1.74 அல்லது அதற்கு மேல் தேவை, லிப்லெப்டோனிக்கா-டெவ் பேக்கேஜை நிறுவிப் பாருங்கள் என்றது கடைசி வரி.

லெப்டோனிக்கா என்பது படங்களைக் கையாளும் லைப்ரரி, அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. டெசராக்ட் எந்தப் படத்தையும் தானாகத் திறப்பதில்லை. லெப்டோனிக்காதான் திறந்து, கறுப்பு வெள்ளையாக்கி, அதன் கையில் கொடுக்கும். இது என் கணினியில் ஏற்கெனவே இருந்தது. பழைய 4.1.1-ஐ நிறுவியபோதே லிப்லெப்ட்5 என்ற பெயரில் வந்திருந்தது. நிறுவியவற்றைக் காட்டும் டிபிகேஜி பட்டியலிலும் தெரிந்தது. இருக்கிற ஒன்றை ஏன் இல்லை என்கிறது?

இந்தக் குழப்பம் முதன்முதலாகக் கம்பைல் செய்யும் எல்லாருக்கும் வரும், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். டெபியன், உபுண்டு வகைகளில் ஒரு லைப்ரரியை இரண்டு பேக்கேஜாகப் பிரித்து வைப்பார்கள். ஒன்று ஓடுவதற்கு. ஏற்கெனவே கம்பைலான நிரல் அதை நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். மற்றொன்று, பெயரின் வாலில் டெவ் என்று இருப்பது, கட்டுவதற்கு. அதில்தான் ஹெடர் கோப்புகள் இருக்கும். இந்த லைப்ரரியில் என்னென்ன ஃபங்ஷன்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும் என்று கம்பைலருக்குச் சொல்லும் கோப்புகள் அவை. அதோடு பிகேஜி-கான்ஃபிக் படிக்கும் பி.சி கோப்பும், நிரலையும் லைப்ரரியையும் பிணைக்கும் லிங்கர் தேடும் இணைப்பும் அதே டெவ் பேக்கேஜில் இருக்கும். நிரலை ஓட்ட மட்டும் செய்பவருக்கு இவை தேவையில்லை என்பதால் பிரித்து வைக்கிறார்கள். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் பக்கம் இதே பேக்கேஜுக்கு வால் டெவெல்.

லிப்லெப்டோனிக்கா-டெவ் என்று ஒரு வரி தட்டியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். நான் அதைச் செய்யவில்லை. உபுண்டுவில் இருப்பது 1.82, அதற்குப் பிறகு புதிய பதிப்புகள் வந்துவிட்டன, டெசராக்ட்டைப் புதிதாகக் கட்டும்போது அதையும் புதிதாகக் கட்டுவதுதான் ஒழுங்கு என்று நினைத்தேன். இப்போதும் அந்த முடிவு தவறு என்று நினைக்கவில்லை. கட்டிய விதத்தில்தான் தவறு நடந்தது.

லெப்டோனிக்காவின் மூலநிரலை இறக்கி, ஆட்டோஜென், கான்ஃபிகர், கட்டுவதற்கு மேக், நிறுவுவதற்கு சூடோ மேக் இன்ஸ்டால், கடைசியில் புதிய லைப்ரரியைக் கணினிக்கு அறிமுகப்படுத்த சூடோ எல்டிகான்ஃபிக். ஒரு பிழையும் இல்லை. கான்ஃபிகர் நூறு வரிக்கு மேல் ஓடியது. திரையில் பச்சைத் தண்ணீர் மாதிரி ஓடும் அந்த வரிகளை யாரும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை.

சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு படத்தைத் திறந்து அகல உயரத்தைச் சொல்லும் பத்து வரி சி மொழி நிரல் ஒன்று எழுதினேன். மேலே ஆல்ஹெடர்ஸ்.ஹெச் கோப்பைச் சேர்த்தேன். ஜிசிசி என்ற கம்பைலரை ஓட்டியதும் வந்தது, எல்லாரும் ஒருமுறையாவது பார்த்திருக்கும் அந்த வரி: ஃபேட்டல் எரர், ஆல்ஹெடர்ஸ்.ஹெச், நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி.

இது முன்னதிலிருந்து வேறு நோய். முன்பு கோப்பே இல்லை. இப்போது கோப்பு இருக்கிறது, ஃபைண்ட் போட்டுப் பார்த்தால் /யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்/லெப்டோனிக்கா என்ற ஃபோல்டருக்குள் அழகாக உட்கார்ந்திருக்கிறது. கம்பைலருக்குத்தான் அந்த வீட்டு விலாசம் தெரியவில்லை. ஜிசிசி எங்கெங்கே தேடுகிறது என்று அதனிடமே கேட்கலாம். ஜிசிசி, மைனஸ் பெரிய ஈ, மைனஸ் வி, அப்புறம் ஒரு தனி மைனஸ் போட்டு, உள்ளீடாக வெற்றுக் கோப்பான டெவ்/நல்லைக் கொடுத்தால், தேடல் இங்கே தொடங்குகிறது என்று சொல்லி ஒரு பட்டியல் தரும். என் கணினியில் நான்கு இடங்கள்: ஜிசிசி 11-இன் சொந்த இன்க்ளூட் ஃபோல்டர், /யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட், கணினி வகையின் பெயர் தாங்கிய ஒரு ஃபோல்டர், கடைசியாக /யூஎஸ்ஆர்/இன்க்ளூட். இந்த நான்கின் வாசலில் நின்று பார்க்குமே தவிர, உள்ளே இருக்கும் அறைகளுக்குள் தானாக நுழையாது. லெப்டோனிக்கா என்ற அறைக்குள் கோப்பு இருப்பதால் அதற்குத் தெரியவில்லை.

அந்த ஃபோல்டரைக் கையால் குறிப்பிடலாம். மைனஸ் போட்டு, பெரிய ஐ எழுத்து எழுதி, பாதையை ஒட்டினால் போதும். ஆனால் பிகேஜி-கான்ஃபிக்கிடம் கேட்பதுதான் நல்ல பழக்கம். லைப்ரரியை நிறுவும்போதே, என் ஹெடர் இங்கே இருக்கிறது, என்னை இந்தப் பெயரில் இணையுங்கள் என்று அது ஒரு பி.சி கோப்பில் எழுதி வைத்துவிடும். லெப்டோனிக்கா அங்கே பதிவு செய்துகொண்ட பெயர் வெறும் லெப்ட். பிகேஜி-கான்ஃபிக், சிஃப்ளாக்ஸ், லிப்ஸ், லெப்ட் என்று கேட்டால் முழு விலாசமும் வருகிறது. அதை ஜிசிசி கட்டளையில் சேர்த்தேன், ஹெடர் பிழை போனது. உடனே அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் என்று லிங்கர் கத்தியது. ஹெடர் கிடைத்தால் லைப்ரரியும் கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை. லைப்ரரிப் பெயரை நான் நிரல் கோப்பின் பெயருக்கு முன்னால் எழுதியிருந்தேன். உபுண்டுவில் அது பின்னால்தான் வர வேண்டும். இடம் மாற்றியதும் நிரல் கம்பைலானது. மணி பன்னிரண்டாகிவிட்டதால் ஓட்டிப் பார்க்காமல் மூடிவிட்டேன். அன்று ஓட்டிப் பார்த்திருந்தால் சனிக்கிழமை எனக்கு மிச்சமாகியிருக்கும்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹெடர் கிடைக்கவில்லை என்று யாரிடமாவது சொன்னால், இணையத்தில் அந்த ஒரு கோப்பை மட்டும் தேடி இறக்கி /யூஎஸ்ஆர்/இன்க்ளூடில் போட்டுவிடு என்று ஒருவர் சொல்வார். எனக்கும் ஒரு நண்பர் சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள். படிக்கிற காலத்தில் பிஎன்ஜி.ஹெச் கோப்பை அப்படி எங்கிருந்தோ எடுத்துப் போட்டேன். கம்பைல் ஆனது. ஓட்டியபோது, நிரல் கட்டப்பட்டது லிப்பிஎன்ஜி 1.2-ஐ வைத்து, ஓடுவது 1.6-இல் என்று எச்சரித்துவிட்டுப் படத்தைத் திறக்க மறுத்தது. லிப்பிஎன்ஜியாவது பதிப்பைச் சரிபார்த்துச் சொல்கிறது. சொல்லாத லைப்ரரிகள்தான் அதிகம். ஹெடரில் ஒரு அமைப்பின் அளவு ஒன்றாகவும் உள்ளே ஓடும் லைப்ரரியில் வேறாகவும் இருந்தால், நிரல் எந்த இடத்தில் எதைக் கெடுக்கும் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஹெடரும் லைப்ரரியும் ஒரே பேக்கேஜ் குடும்பத்திலிருந்து வர வேண்டும்.

சனிக்கிழமை காலை டெசராக்ட்டின் கான்ஃபிகர் தடையில்லாமல் முடிந்தது. மேக் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போய், மீன் வாங்கி, ரொட்டி சானாயும் கட்டிக்கொண்டு வந்தேன். அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் நிறுவி முடித்தேன். தமிழ் மாதிரிக் கோப்பான டாம்.டிரெய்ன்டுடேட்டாவை டெஸ்டேட்டா பெஸ்ட் தொகுப்பிலிருந்து எடுத்துப் போட்டேன். ஃபாஸ்ட் என்று ஒரு தொகுப்பும் இருக்கிறது, வேகமானது, ஆனால் அதன் மேல் பயிற்சி கொடுக்க முடியாது. பிறகு பயிற்சி கொடுக்கும் எண்ணம் இருந்தால் பெஸ்ட்டைத்தான் எடுக்க வேண்டும்.

மாமாவின் கோயில் மலரில் முதல் பக்கத்தை 300 டிபிஐயில் பிஎன்ஜியாக ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். அதைக் கொடுத்தேன். எரர் இன் பிக்ஸ்ரீட்ஸ்ட்ரீம்பிஎன்ஜி, ஃபங்ஷன் நாட் பிரசென்ட் என்றது.

சனிக்கிழமை மாலை முழுவதும் இதில் போனது. ஸ்கேனர்தான் கோப்பைக் கெடுத்திருக்கிறது என்று நினைத்து மறுபடி ஸ்கேன் செய்தேன். அதே வரி. வேறு பக்கம், வேறு அளவு, நிறம் நீக்கிய பக்கம். அதே வரி. கோப்புப் பெயரில் தமிழ் எழுத்து இருப்பதாலோ என்று பெயரை மாற்றினேன். படம் பார்க்கும் செயலியில் எல்லாக் கோப்பும் ஒழுங்காகத் திறந்தது. எதிலும் கை கொடுக்காமல், கடைசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றுகிறேன் என்று பக்கத்தை பிஎம்பி கோப்பாகச் சேமித்துக் கொடுத்தேன். படித்துவிட்டது! அரைகுறைத் தமிழ்தான், ஆனால் படித்துவிட்டது. பிழை படத்திலும் இல்லை, டெசராக்ட்டிலும் இல்லை, பிஎன்ஜி என்ற வடிவத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

இரவு மாமா வீட்டுக்குப் போனேன். என்ன ஆச்சு என்று கேட்டார். இல்லாத ஃபங்ஷனைத் தேடுகிறது மாமா, ஆனால் கட்டும்போது ஒரு குறையும் சொல்லவில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டு அச்சகத்துக் கதை ஒன்று சொன்னார்.

ஈய எழுத்துகள் அறை அறையாகப் பிரித்த மரத் தட்டில் இருக்கும். ஒரு பெரிய மலர் கோக்கும்போது ஏதாவது ஓர் எழுத்து தீர்ந்துபோகும். புது எழுத்து வரும்வரை வேலையை நிறுத்த முடியாது. "அந்த எடத்துல அதே அகலத்துக்கு வேற எழுத்த எடுத்துத் தலைகீழா வச்சிடுவோம் மா. அடிப்பக்கம் மேல பாக்கும். புரூஃப்ல கறுப்பா ரெண்டு கட்டை விழும். அதப் பாத்தா இங்க எழுத்து வரணும்னு தெரிஞ்சிடும். வரி கலையாது, பக்கம் கலையாது. புரூஃப் பாக்கறவன் தூங்கிட்டா மட்டுந்தான் ஆபத்து."

வீட்டுக்கு வந்து லெப்டோனிக்காவின் எஸ்ஆர்சி ஃபோல்டரைத் திறந்து பிஎன்ஜி என்ற பெயரில் தேடினேன். இரண்டு கோப்புகள் இருந்தன. பிஎன்ஜிஐஓ.சி, பிஎன்ஜிஐஓஸ்டப்.சி. முதலாவது உண்மையான வேலை செய்யும் நிரல், ஆயிரக்கணக்கான வரிகள். இரண்டாவது மிகச் சிறியது. முதலாவதில் இருக்கும் அதே ஃபங்ஷன் பெயர்கள் ஒவ்வொன்றும் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உடம்பிலும் ஒரே வரிதான்: ஃபங்ஷன் நாட் பிரசென்ட் என்று சொல்லித் திரும்பு. கம்பைல் செய்யும் கணினியில் லிப்பிஎன்ஜியின் டெவ் பேக்கேஜ் இருந்தால் முதல் கோப்பு சேரும். இல்லாவிட்டால் இரண்டாவது. மாமாவின் தலைகீழ் எழுத்தேதான். வரி கலையாமல், லிங்கர் கத்தாமல், இடத்தை மட்டும் பிடித்து வைத்திருக்கிறது.

நான் ஓட்டிய கான்ஃபிகரின் பதிவு கான்ஃபிக்.லாக் என்ற கோப்பில் அப்படியே இருந்தது. லிப்பிஎன்ஜி தேடல் பாதையில் காணப்படவில்லை, லிப்பிஎன்ஜி.பிசி இருக்கும் ஃபோல்டரைச் சேர்த்துப் பாருங்கள் என்று விளக்கமாகவே எழுதியிருக்கிறது. டிஃப்புக்கும் அப்படியே. வெப்பிக்கும் அப்படியே. பிஎம்பிக்கு வெளி லைப்ரரி எதுவும் தேவையில்லை, அதனால்தான் அது மட்டும் ஓடியது. வெள்ளிக்கிழமை இரவு திரையில் ஓடிய அந்த நூற்றுச் சொச்ச வரிகளில், நோ என்று முடிந்த நாலைந்து வரிகள் இருந்திருக்கின்றன. புரூஃபில் கறுப்புக் கட்டைகள் விழுந்திருந்தன, நான் பார்க்கவில்லை.

கம்பைல் நடுவில் நின்று, இந்த ஹெடர் இல்லை என்று பெயர் சொல்லிக் கத்தும் பிழை உண்மையில் நமக்கு உதவிதான் செய்கிறது. இல்லாததைப் பற்றி மெதுவாக ஒரு வரி சொல்லிவிட்டு, அந்த வசதியை விட்டுவிட்டு மேலே கட்டிக்கொண்டு போவதுதான் நாள் கணக்கில் நேரத்தைத் தின்கிறது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். கான்ஃபிகர் முடிந்ததும் கான்ஃபிக்.லாக்கை, அல்லது திரையில் ஓடியதைக் கோப்பில் பிடித்து, நோ என்று முடியும் வரிகளை மட்டும் கிரெப் என்ற தேடும் கட்டளையைப் போட்டு எடுத்துப் பாருங்கள். எல்லாமே கவலைப்பட வேண்டியவை அல்ல. உங்களுக்கு வேண்டிய ஒரு பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இன்னொரு வழி எனக்குப் பின்னால் தெரிந்தது. கான்ஃபிகர் ஓட்டும்போதே வித்-லிப்பிஎன்ஜி என்று சேர்த்துவிட்டால், லைப்ரரி இல்லாதபோது அது சும்மா தாண்டிப் போகாது. கேட்டீர்கள், கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடும். ஜேபெக், டிஃப் எல்லாவற்றுக்கும் இதே மாதிரி வித் உண்டு. எனக்கு எது கட்டாயம் வேண்டுமோ அதை இப்போதெல்லாம் வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன்.

ஞாயிறு காலை சரிசெய்தேன். லிப்பிஎன்ஜி-டெவ், லிப்ஜேபெக்-டெவ், லிப்டிஃப்-டெவ், லிப்வெப்பி-டெவ் நான்கையும் நிறுவினேன். பிஎன்ஜிக்கு அடியில் இருக்கும் ஸீலிப்பின் ஹெடர்களும் கூடவே வந்துவிட்டன. லெப்டோனிக்கா ஃபோல்டரில் மேக் டிஸ்ட்க்ளீன் போட்டுப் பழைய தடயங்களைத் துடைத்து, வித் சேர்த்துக் கான்ஃபிகர் செய்து, மறுபடி கட்டி, நிறுவி, எல்டிகான்ஃபிக் ஓட்டினேன். டெசராக்ட்டை மறுபடி கம்பைல் செய்யத் தேவைப்படவில்லை. அது ஓடும்போதுதான் லெப்டோனிக்காவை ஏற்றிக்கொள்கிறது. உள்ளே ஸ்டப், அதாவது இடம் பிடித்து வைத்திருந்த வெற்று ஃபங்ஷன், போய் உண்மையான ஃபங்ஷன் வந்தது அதற்குத் தெரியவும் தெரியாது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நல்ல இடம் இருக்கிறது. டெசராக்ட் என்று தட்டி, இரண்டு மைனஸ் போட்டு வெர்ஷன் என்று கேட்டால், முதல் வரியில் தன் பதிப்பு, அடுத்த வரியில் லெப்டோனிக்காவின் பதிப்பு, அதற்கடுத்த வரியில் லெப்டோனிக்கா எந்தெந்தப் பட லைப்ரரிகளோடு கட்டப்பட்டிருக்கிறது என்ற பட்டியல் வரும். லிப்ஜேபெக், லிப்பிஎன்ஜி 1.6.37, லிப்டிஃப், ஸீலிப், லிப்வெப்பி என்று வரிசையாக நின்றன. சனிக்கிழமை இதே கட்டளையை ஓட்டியபோது அந்த மூன்றாவது வரியில் இந்தப் பெயர்கள் இல்லை. பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மேலே போய்விட்டேன்.

பிஎன்ஜி பக்கம் படித்தது. அடுத்து பயிற்சிக் கருவிகள். மேக் டிரெய்னிங் என்று போட்டேன், கட்டவில்லை. இப்போது எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும் என்பதால் நேரே கான்ஃபிகரின் வெளியீட்டுக்குப் போனேன். ஐசியூ இல்லை, பாங்கோ இல்லை, கெய்ரோ இல்லை, ஆகவே பயிற்சிக் கருவிகள் கட்டப்படமாட்டா என்று சனிக்கிழமையே எச்சரித்திருந்தது. யூனிகோட் எழுத்துகளின் குணங்களை ஐசியூ சொல்கிறது. தமிழைப் போன்ற எழுத்துகளை வரிசைப்படி கோத்து அடுக்குவது பாங்கோ. அதைப் படமாக வரைவது கெய்ரோ. உரையைக் கொடுத்தால் பயிற்சிக்கான படத்தைத் தானே செய்யும் கருவிக்கு இம்மூன்றும் தேவை. லிப்ஐசியூ-டெவ், லிப்பாங்கோ1.0-டெவ், லிப்கெய்ரோ2-டெவ் நிறுவி, இந்த முறை டெசராக்ட்டின் கான்ஃபிகரையும் மறுபடி ஓட்டினேன். கடைசியில், மேக் டிரெய்னிங் மூலம் பயிற்சிக் கருவிகளைக் கட்டலாம் என்று அதுவே சொன்னது. அரை மணி நேர வேலை.

ஹெடரின் பெயர் தெரியும், பேக்கேஜின் பெயர் தெரியாது என்ற நிலை அடிக்கடி வரும். இரண்டுக்கும் ஒற்றுமை இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஸீலிப்.ஹெச் இருப்பது ஸீலிப்1ஜி-டெவ்வில். பைதான்.ஹெச், உபுண்டு 22.04-இல் லிப்பைதான்3.10-டெவ்வில். ஆல்ஹெடர்ஸ்.ஹெச் என்ற பெயரைப் பார்த்து அது லெப்டோனிக்கா என்று யாராலும் ஊகிக்க முடியாது. இதற்கு ஆப்ட்-ஃபைல் என்று ஒரு கருவி இருக்கிறது. நிறுவி, ஒருமுறை அப்டேட் செய்துவிட்டு, ஆப்ட்-ஃபைல் சர்ச் என்று ஹெடரின் பெயரைக் கொடுத்தால், இன்னும் நிறுவாத பேக்கேஜ்களிலும் தேடிச் சொல்லும். பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டுத் தேடினால் குப்பை குறையும். ஏற்கெனவே நிறுவிய கோப்பு எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தது என்று அறிய டிபிகேஜி, மைனஸ், பெரிய எஸ். ஆப்ட் பில்ட்-டெப் என்று ஒரு கட்டளை எல்லாவற்றையும் மொத்தமாக வாரிக்கொண்டு வரும், அதற்கு மூலநிரல் களஞ்சியத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு நல்லது. ஆனால் எது எதற்கு வந்தது என்று தெரியாமலே போய்விடும் என்பதால் நான் அதிகம் பயன்படுத்துவதில்லை.

பக்கங்களை அச்செடுத்து மாமாவிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பழைய புரூஃப் குறிகளோடு திருத்த ஆரம்பித்துவிட்டார். புதிய வடிவில் இருக்கும் எழுத்துகள் பெரும்பாலும் சரி. துதிக்கை லை வரும் இடமெல்லாம் ஒரு பக்கத்தில் ஒன்றாகவும் அடுத்த பக்கத்தில் வேறாகவும் படித்திருக்கிறது. யூனிகோடில் பழைய லைக்கும் புதிய லைக்கும் தனித்தனி எண் கிடையாது, எழுத்துருதான் வடிவத்தை முடிவு செய்கிறது. அதனால் பழைய வடிவத்தின் படத்தையும் அதற்கு நேரான இன்றைய உரையையும் ஜோடி ஜோடியாகக் கொடுத்துத்தான் பழக்க வேண்டும். பக்கத்தை வரி வரியாக வெட்டி நான் படம் தயார் செய்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் உரிய வரியை மாமா இரண்டு விரலால் தட்டித் தருகிறார். இதுவரை 112 வரி ஆகியிருக்கிறது.

நூறாவது வரி தாண்டியபின் ஒரு நாள், இங்கே பாரு மா என்று கூப்பிட்டார். திருவிழாக் கணக்குப் பக்கத்தில், நன்கொடை கொடுத்தவர் பெயருக்கு நடுவில், கறுப்பாக இரண்டு சின்னக் கட்டைகள். அச்சிலேயே போய்விட்டிருக்கிறது. அது ழ, அன்றைக்கு ழ தீர்ந்துவிட்டது, மாற்ற மறந்துவிட்டோம் என்றார். பெயர் அவருக்கு நினைவிருக்கிறது. பயிற்சிக்கு அந்த வரியில் என்ன தட்டுவது என்று கேட்டார். ழ என்று தட்டினால் இரண்டு கட்டையைக் கண்டபோதெல்லாம் ழ என்று படிக்கக் கற்றுக்கொள்ளும். ஆகவே அந்த வரியைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டேன். தேடும் உரையில் மட்டும் மாமா சொன்னபடி ழ போட்டுப் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறேன்.